ஐந்து பாட்டு, ஐம்பத்து நான்கு நிமிடம்

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து கணினியில் பதினான்கு விண்ணப்பம் தட்டினேன். முழுச் சேதம், பகுதிச் சேதம், மண்ணில் போன அடையாள அட்டை, மண்ணில் போன பிறப்புச் சான்றிதழ். ஹாலிஎலவில் தமிழில் தட்டிக்கொடுக்கும் கொமினிகேஷன் கடை எங்களுடையது ஒன்றுதான். மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முதலாளி அலவி நானா போட்டோகொப்பி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நிமிர நேரமில்லை. அது நல்லதுதான்.

மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பண்டாரவளையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹுமைத் என்றார். நிரஞ்சலா என்பவர் கண்ணாடி மாற்றக் கொடுத்த போன் ரெண்டு மாசமாகக் கிடக்கிறதாம். புயலுக்குப் பிறகு கடையே இப்போதுதான் திறந்தாராம். என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாளாம்.

புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். என் தங்கை செத்துப்போய்விட்டாள் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வசனம்தானே? அதே வசனத்தை நாள்தோறும் மற்றவர்களுக்குத் தட்டிக்கொடுக்கிறேன்.

ஜனவரி 14, புதன்

அரை நாள் லீவு கேட்டுப் போனேன். வழி நெடுக மலை உரிந்து சிவப்பாகக் கிடக்கிறது. பஸ்ஸில் யாரும் இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

ஹுமைத்துக்கு முப்பது வயதிருக்கும். போனை பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார். அவங்க வரலியா என்று கேட்டார். நவம்பர் இருபத்தேழு, எட்டாம் லயம் என்று மட்டும் சொன்னேன். எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு, வாசலில் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்திருக்கும்வரை திரும்பவில்லை.

போனில் ஒட்டியிருந்த துண்டில் திறக்கும் இலக்கங்கள். அதன் கீழே அவருடைய எழுத்தில்: "திங்கள் — அக்கா வந்து எடுப்பார்."

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அந்தத் திங்கள் நவம்பர் இருபத்துநாலு. செவ்வாய் நான் தோட்டத்துக்குப் போய், புதன்கிழமை பதுளை கிளினிக்குக்காக அம்மாவைக் கூட்டிவர இருந்தேன். "திங்கக்கிழம போன எடுத்து வச்சிரு அக்கா, செவ்வா வரும்போது கொண்டாந்திரு. எல்லவுல எங்க கபேயையும் மழைக்கு மூடிட்டாங்க. போன் இல்லாம லயத்துல பைத்தியம் புடிக்குது" என்று பக்கத்து வீட்டு போனிலிருந்து நிரஞ்சலா சொன்னாள். சரி என்றேன். திங்கள் கடை முடிய ஆறு மணி. அலுப்பாக இருந்தது. பண்டாரவளை பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வர வேண்டுமே என்று, போகவில்லை. அவ்வளவுதான் காரணம். மழைகூட அன்று பெரிதாக இல்லை.

செவ்வாய் வெறுங்கையோடு போனேன். சரி பரவாயில்ல என்றாள். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

புதன் கிளினிக் முடிந்தபோது மழையில் தோட்டத்துப் பஸ் நின்றுவிட்டது. அம்மாவை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். அவளையும் இங்க வரச் சொல்லு என்றாள் அம்மா. எந்த போனுக்குச் சொல்வது? பக்கத்து வீட்டு நம்பரை ஆறு தடவை அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. வியாழன் காலை பத்து மணிக்கு மலை சரிந்து எட்டாம் லயத்து வரிசை வீடுகள் மேல் இறங்கியது.

பதினொரு பேர். ஒன்பது பேரின் உடல்களை எடுத்தார்கள். நிரஞ்சலாவையும் கடைசி வீட்டுப் பெரியவரையும் எடுக்கவில்லை. பதினெட்டாம் நாள் மண் தோண்டும் மெஷினைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போன நேரம் போனைத் திறந்தேன். புதுக் கண்ணாடி. அவள் விரல் படாத கண்ணாடி.

படங்களில் நாங்கள் அதிகம் இல்லை. கபேயின் பூனை, கோப்பிக் கோப்பைகள், மூடுபனி, மறுபடியும் பூனை. செய்திகளைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா? பாட்டைத் திறக்கலாம். பாட்டில் என்ன இரகசியம் இருந்துவிடப் போகிறது.

கடைசியாகக் கேட்டது ஓர் ஆல்பம். சாம்பல் நிற அட்டை, அதில் தண்ணீரா வானமா என்று தெரியாத ஒரு படம், வாசிக்க வராத எழுத்துகள். ஐந்து பாட்டு. அதற்கு முதல் நாளும் அதே ஆல்பம். அதற்கு முந்தின நாளும்.

இயர்போனை மாட்டினேன். இரண்டு நிமிடம் வெறும் இரைச்சல், தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடியில் காற்றாடிகள் ஓடுவதைப் பக்டரிக்கு வெளியே நின்று கேட்பதுபோல. போன் இன்னும் பழுதோ என்று நினைத்தேன். பிறகு மேளத்தில் ஒரு அடி விழுந்தது. இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தெரியாது. நான் அங்கே இல்லையே. ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜனவரி 19, திங்கள்

தலைவலி. இதையா கேட்டாள்?

ஜனவரி 27, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்து முதல் பாட்டை முழுக்கக் கேட்டேன். பன்னிரண்டு நிமிடம். ஒரு பாட்டை இவ்வளவு நீளத்துக்கு ஏன் செய்ய வேண்டும்? எட்டாவது நிமிடம் வரை ஆள் குரலே இல்லை. வந்தபோது அது பாடவில்லை, கத்தியது. வயிற்றிலிருந்து, சொல்லே இல்லாமல். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஆளுக்கு என்ன நடந்துவிட்டதாம்? எந்த மலை இவன் வீட்டில் விழுந்தது?

பின்னேரம் ஒரு அம்மா வந்து மகனுடைய மரணச் சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்துப்போனாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

கிராம சேவகர் அறைக்கே வந்தார். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உடல் கிடைக்காதவர்களை இறந்தவர்களாகப் பதிகிறார்களாம். தாய் கையெழுத்திட வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏற்றுக்கொள்வார்களாம்.

அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"எம்மக மண்ணுக்குள்ள இருக்கான்னு நான் எழுதித் தரமாட்டேங்க. மெஷின கொண்டுபோனது நீங்க. தோண்டிக் காட்டுங்க, அப்பறம் போடுறேன்."

அவர் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது என் கடையில் நான் தட்டிய படிவம். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது.

பெப்ரவரி 8, ஞாயிறு

எல்லவுக்குப் போனேன். ஏன் போனேன்? அவள் அந்த ஆல்பத்தில் எதைக் கேட்டாள் என்று யாராவது சொல்ல வேண்டும்.

கபே மறுபடி திறந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் இருவர் மட்டும். நிரஞ்சலாவோடு வேலை செய்த கஜேந்திரன் என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது, கிட்டார் வாசிப்பானாம். ஆல்பத்தைக் காட்டினேன். நான்தான்கா அனுப்புனேன் என்றான்.

நோர்வேக்காரர்கள் நாலு பேர். ஆல்பத்தின் பெயருக்குக் 'கரையில்லாதது' என்று அர்த்தமாம். இந்த வகைக்குப் போஸ்ட் மெட்டல் என்று பெயராம். போஸ்ட் என்றால் தபால் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகுதான் அவன் சொன்னான், மெட்டலுக்கு அப்புறம் வந்தது என்று. வேகம், ஆர்ப்பாட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு கனம் மட்டும் மிஞ்சியிருக்கும், அதுதான் இது என்றான்.

அவள் இதைப் பற்றி என்ன சொல்வாள் என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்லியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன்போல.

"அவ ஒண்ணும் சொல்லமாட்டாக்கா. காலைல கபே தொறக்குறதுக்கு முன்ன தரய கூட்டிக்கிட்டே போடுவா. நான் எதயாவது வெளக்கப் போனா, வாய மூடிக்கிட்டு சத்தத்த கூட்டுன்னுவா."

எப்படிக் கேட்பது என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"பாட்டு எங்க வருதுன்னு தேடாதீங்கக்கா. மழ பெய்யிறத பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாதிரி—"

நிறுத்திவிட்டான். பஸ் ஏற்றிவிட வந்தான். நாங்க சும்மா ஃபிரெண்ட்ஸ்தான்கா என்று நான் கேட்காமலே சொன்னான். கண்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

பெப்ரவரி 11, புதன்

தேடாமல் கேட்டேன். இரண்டாவது பாட்டு. ஒரு கிட்டார், இரண்டே சுரம், மாறி மாறி. ஒன்று கேள்வி கேட்பதுபோல, மற்றது கேள்வி காதில் விழாததுபோல. கீழே தடித்த தந்திக் கிட்டார். அதற்கு பாஸ் என்று பெயர், கஜேந்திரன் சொன்னது. காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இருந்தது. ஏழு நிமிடம் இப்படியே. பிறகு எல்லாக் கிட்டார்களும் ஒன்றாக வந்தன, வாசல் கதவைத் திறந்தால் பனி உள்ளே வருமே, அப்படி. எந்த இடத்தில் மெல்லியது பெரியதாக மாறியது என்று பிடிக்க முடியவில்லை. திரும்பப் போட்டேன். அப்போதும் முடியவில்லை.

இதை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். முதல் தடவையாக அப்படித் தோன்றியது.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. அம்மா விரதம். எதற்கு என்று கேட்கவில்லை. வேண்டுதல் என்ன என்று எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 22, ஞாயிறு

மூன்றாவது பாட்டு பதினாறு நிமிடம். ஒரே நீளமான தாள அடிதான். நாற்பது தடவை வருகிறது, எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் எதையோ ஒன்றைக் கூட்டி வைக்கிறார்கள். ஒரு தட்டு, ஒரு கிட்டார், இன்னொரு கிட்டார். இருபதுக்கு மேல் என் மூச்சு அதோடு போக ஆரம்பித்தது. முப்பதுக்கு மேல் இனி எதையும் கூட்ட இடமில்லை என்று தோன்றியது. கூட்டினார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல். முன்னால் இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், அடியில். அத்தனை கனத்துக்கும் கீழே இருந்து ஒரு ஆள் கூப்பிடுகிறான். கேட்கிறது, ஆனால் இன்ன சொல் என்று கேட்கவில்லை.

கழற்றிவிட்டேன்.

பதினெட்டு நாள் தோண்டினார்கள். முதல் நாள் மண்ணுக்குள்ளிருந்து சத்தம் கேட்டதாக ஒரு ஆர்மிக்காரர் சொன்னாராம். எந்த வீட்டுப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. இதையும் நான் சொல்லவில்லை. எத்தனயத்தான் நான் சொல்லாம வச்சிருக்கிறது. எத்தனய.

மார்ச் 4, புதன்

மூன்றாவது பாட்டின் வரிகளை இணையத்தில் தேடி எடுத்தேன். நோர்வே மொழி. கடைக் கணினியில் மொழிபெயர்ப்புக்குப் போட்டேன். "கல் என் பற்களைப் பணிவுடன் வாடகைக்கு எடுக்கிறது" என்று வந்தது. அலவி நானா பின்னால் நின்று வாசித்துவிட்டு, இது எந்த அரசாங்கக் கந்தோர்க் கடிதம் பிள்ள என்று கேட்டார். சிரித்துவிட்டேன். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

வரிகளை அழித்துவிட்டேன். சொல் தெரியாமல் இருப்பதே சரி.

மார்ச் 13, வெள்ளி

மூன்றாவது பாட்டை இன்று கடைசிவரை கேட்டேன். குரல் நின்ற பிறகும் அந்த அடி நாலு தடவை வருகிறது. அவ்வளவுதான். யாரும் வந்து அந்த ஆளை வெளியே எடுக்கவில்லை. அவன் செத்தான் என்றும் பாட்டு சொல்லவில்லை. அழ வைக்கிற ஒரு வயலின்கூட இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ ஒன்று சொன்னார்கள். விதி என்றார்கள், சாமிகிட்ட போயிட்டா என்றார்கள், நீ அம்மாவைப் பார்க்கணும்ல என்றார்கள். இந்த நாலு பேரும் எதுவும் சொல்லவில்லை. கனத்தைக் கனம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் திரும்பத் திரும்ப இவர்களிடம் வருகிறேனா?

அம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இயர்போனிலிருந்து கசிந்தது கேட்டிருக்கிறது. "என்னா அது, பக்டரி ஓடுற மாதிரி?" பாட்டு என்றேன். யார் பாட்டு என்று கேட்டாள். நிரஞ்சலாவுடையது என்றேன். புடைப்பதை நிறுத்தி, பிறகு தொடர்ந்தாள். போன் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ரிப்பேர் கடையிலிருந்து என்று நானும் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

நாலாவது பாட்டு மூன்று நிமிடம்தான். அதில் ஒன்றுமே நடப்பதில்லை என்று இதுவரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். ஓர் அறையின் இரைச்சல். யாரோ மூச்சு விடுகிறார்கள். கதிரை அசைகிறது. கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்கிற ஒலி, தந்திகள் தாமாகக் கொஞ்சம் அதிர்ந்து அடங்குகின்றன. மூன்றாவது பாட்டை வாசித்து முடித்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அதையும் பதிந்து ஒரு பாட்டாக வைத்திருக்கிறார்கள்.

வேறு யாருக்கும் இது தோன்றியிருக்குமா? எனக்கு இப்படிப்பட்ட பாட்டுகள் ஆயிரம் தெரியாது. இது ஒன்றுதான் தெரியும். ஆனாலும் இது நல்ல வேலை என்று தெரிகிறது.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் மேசையில் கிடந்தது. "கடைசியாகக் கண்ட திகதி" என்ற இடத்தை நிரப்பலாம் என்று எடுத்தேன். 25.11.2025 என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் திகதியை மட்டும்தான் கேட்கிறார்கள். அன்று நான் எதைக் கொண்டுபோகவில்லை என்று கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை, நாலு மாசமாக.

எல்லாவற்றையும் சொன்னேன். திங்கக்கிழமை, அலுப்பு, பஸ், துண்டில் எழுதியிருந்தது. போன் அவகிட்ட இருந்திருந்தா புதன்கெழமையே கூப்புட்டு எறங்கி வாடின்னு சொல்லியிருப்பேம்மா. நாந்தாம்மா. ஆர்மிக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா அடுத்த பல்லை எடுத்து உரித்தாள். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன் இருந்திருந்தா அவ இந்தச் சத்தத்த காதுல மாட்டிக்கிட்டு கம்பிளிய போத்திப் படுத்திருப்பா. நீ நூறுவாட்டி கூப்புட்டாலும் எடுத்திருக்கமாட்டா. எனக்குத் தெரியாதா அவள."

அவ்வளவுதான் சொன்னாள். பூண்டுத் தோலை வாரிக்கொண்டு எழுந்து போனாள்.

இது ஆறுதலா? அம்மா ஆறுதலாகத்தான் சொன்னாளா?

மார்ச் 30, திங்கள்

காலையில் பல் துலக்கும்போது அதன் மறுபக்கம் புரிந்தது. போன் இருந்திருந்தால் அவள் காதில் இந்த நாலு பேரும் இருந்திருப்பார்கள். மலை வரும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. நான் கொண்டுபோகாததால் கேட்டது.

மார்ச் 31, செவ்வாய்

கேட்கவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது அம்மா விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எந்த எடத்துல போடணும்?" என்றாள். காட்டினேன். பெ, ரி, யா, யி என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். நிரஞ்சலாதான் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியது. அதுவரை கைநாட்டு.

நாளை கிராம சேவகரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாம் பக்கப் பிழையைப் பேனாவால் திருத்தினேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருசம் பிறந்ததாம்.

மே 3, ஞாயிறு

கஜேந்திரனிடமிருந்து செய்தி. ருமேனியாவுக்குப் போகிறானாம், ஏதோ தொழிற்சாலை வேலை. கிட்டாரை விற்றுவிட்டானாம். இன்னும் அதைக் கேட்கிறீங்களாக்கா என்று கேட்டிருந்தான்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டி அனுப்பினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"தம்பி, அஞ்சாவது பாட்டுதான் எனக்குப் பிடிபட நாளெடுத்தது. பதின்மூன்று நிமிடப் பாட்டு, பத்து நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. முதல் பாட்டின் இரைச்சல் வருகிறது, இரண்டாவதின் இரண்டு சுரமும் வருகிறது. மேலே போனதும் ஏதோ திறக்கும், வெளிச்சம் வரும் என்று நம்ப வைக்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் உச்சி. அங்கே ஒன்றும் திறக்கவில்லை. கீழே இருந்த அதே கனம்தான் மேலேயும் இருக்கிறது. மேளக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு இன்னும் மூன்று நிமிடம் நடக்கிறார். பிறகு பாதி அடியில் நிற்கிறது. மெல்ல மெல்லக் குறைத்து நம்மை வெளியே கொண்டுவந்து விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முதலில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டேன். இப்போது அவர்கள் ஏமாற்றாதது அந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நன்றாகப் போய் வாருங்கள்."

செய்தியின் கீழே சரி அடையாளம் ஒன்று மட்டும் விழுந்திருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை. போனை மாற்றிவிட்டானோ என்னவோ.

மே 11, திங்கள்

மரணச் சான்றிதழ் வந்தது. வயது 27. இறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர். அலவி நானா பிரதி எடுக்கவா பிள்ள என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மே 19, செவ்வாய்

அம்மா தோட்டத்துக்குத் திரும்பிப் போகிறாள். தடுத்துப் பார்த்தேன். பென்ஷனுக்கு இன்னும் வருசம் இருக்கு, வேலைக்குப் போகாட்டி தோட்டத்துச் செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க என்றாள். பந்து விளையாடுகிற மைதானத்தில் தகரக் கொட்டில்கள் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் மூன்று பெண்களோடு இருப்பாளாம். புது வீட்டுக்கு இன்னும் காணி அமையவில்லை. பார்த்த காணிக்கு மேலேயும் மலை வெடித்திருக்கிறதாம்.

"இந்த ரூம்ல நான் என்னா செய்ய? செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?"

என்னைத்தான் அந்தச் சுவரோடு சேர்த்துச் சொன்னாளோ?

மே 24, ஞாயிறு

அறை பெரிதாகத் தெரிகிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரை பாதி இங்கேயே கிடக்கிறது. அடுத்த வாரத்துக்கு அடுத்த சனி கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 6, சனி

மாத்திரையோடு தோட்டத்துக்குப் போனேன். கொட்டிலில் அம்மா இல்லை. பக்கத்துக் கொட்டில்காரி, காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல இன்னிக்கு பத்து பேர எட்டாம் லயத்துப் பக்கம் பிரிச்சு அனுப்பினாங்க என்றாள்.

நடந்தேன். நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. லயம் இருந்த இடம் என்று காட்ட எதுவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்புச் சரிவு. அதில் வரிசையாகக் கயிறு கட்டி, பெண்கள் குனிந்து மானாப்புல் நட்டுக்கொண்டிருந்தார்கள். மண் பிடிப்பதற்காம். தேயிலை வைக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். இடுப்பில் சாக்குப் படங்கு, கையில் சின்ன மண்வெட்டி. என்னைப் பார்த்துவிட்டு, ஒரு புல்குத்தை வைத்து மண்ணை மிதித்து இறுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

கங்காணியிடம் சொல்லி வேறு மலைக்கு மாற்றிக் கேளுங்களேன் என்றேன்.

"கேட்டா குடுப்பாங்க. நாந்தான் கேக்கல." கையிலிருந்த புல்லைக் காட்டி, "இதோட வேரு ரொம்ப ஆழத்துக்குப் போவுமாம்" என்றாள்.

மாத்திரையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். அடுத்த குத்துக்குக் குனிந்தாள். நான் வரிசை முடியும்வரை நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆல்பத்தைப் போட்டேன். ஹாலிஎல வருவதற்குள் ஐந்தும் முடிந்தன. கடைசிப் பாட்டு நிற்பதற்குச் சற்று முன்னால் பாஸ் கிட்டார் மட்டும் ஒரு படி கீழே இறங்குகிறது. இவ்வளவு நாள் அதை நான் கவனித்ததே இல்லை. எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

இறங்கி, சாமான் கடையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு, படியேறி, கதவின் பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. ஐம்பத்து நான்கு நிமிடமும் நான் பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஒரு இடத்திலும் நிரஞ்சலா நினைவுக்கு வரவில்லை.